காசுக்கு வாங்கிய கைதட்டல்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து இசைக் குழு இளைஞர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



என்னைக் கூப்பிட்ட தோழர்கள் கொடுத்த தலைப்பு 'நம் பாடல்களை இணையத்தில் பரப்புவது எப்படி' என்பது. அதை நான் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். பரப்பித் தருகிறோம் என்று சொல்லி நம்மிடம் காசு கேட்கிறார்களே, அவர்களை எப்படி எடை போடுவது? இதுதான் என் பேச்சு. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நின்றவன். சாயங்காலமானால் பறையைத் தீயில் காட்டி அடிக்கிறவன். இதைப் பேச எனக்கிருக்கிற ஒரே தகுதி, நான் ஏமாந்தவன் என்பதுதான். ஏமாந்த கதையை வெட்கப்பட்டு மூடி வைத்தால் அடுத்தவனும் அதே குழியில் விழுவான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற சேரிகளில் இருந்து வந்தவர்கள். எங்கப்பா காலத்தில் பறை என்றால் ஊருக்குச் சாவுச் சேதி. கொடுத்த கூலியைக் குனிந்து வாங்கணும். அந்த வேலையும் வேண்டாம், அந்தக் கூலியும் வேண்டாம் என்று எங்கள் தெரு முடிவெடுத்த பிறகு பல வருசம் பறை பரணில் கிடந்தது. அதைத் திரும்ப இறக்கி, இது இழிவின் கருவி இல்லை, எங்கள் கலை என்று மேடை ஏற்றும் தைரியத்தைத் தந்தவர்கள் உண்டு. கே.ஏ. குணசேகரனின் தன்னானே குழு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் என்று நாம் அழைத்த தியாபிலஸ் அப்பாவு, திண்டுக்கல் சக்தி கலைக் குழுப் பெண்கள். அந்த வரிசையில் கடைசியில் வந்து நிற்கிற சின்னக் குழு நாங்கள்.

குழுவில் ஓர் அக்கா உண்டு. ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அவுங்க அம்மா நாற்று நட்டே முதுகு வளைந்து செத்தவர். அம்மா சாவில் அக்கா வைத்த ஒப்பாரியையே ராகமாக வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். பங்குனிப் பூக்குழி சமயத்தில் ஓர் ஊரில் அதைப் பாடினோம். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பொம்பளைங்க எழுந்து வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதை உலகம் பூரா கேட்கணும் என்று எங்களுக்கு ஆசை. மேடைப் பணத்தைச் சேர்த்து மதுரையில் ஒலிப்பதிவு செய்தோம். யூடியூபில் போட்டோம். ஒரு மாசத்தில் 300 பேர் பார்த்தார்கள். அதில் பாதி நாங்களே. அப்போதுதான் செல்போனில் ஒரு விளம்பரம். 'சுயாதீனக் கலைஞர்களுக்கு உதவுகிறோம். 30 நாளில் 50,000 வியூஸ் உறுதி. பாட்டுச் செயலிகளில் பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம்.' ஒரு நகரத்து நம்பர். போன் எடுத்த தம்பி 'சார், சார்' என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினான். நம்மளை யாருங்க சார்னு கூப்பிட்டாங்க? அதிலேயே பாதி விழுந்துட்டோம். கேட்ட தொகை 12,000 ரூபாய். அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பது நாளில் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தோம். அக்கா மட்டும் வாயில் போட்ட பால்கோவாவை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்:

"ஏப்பா, அம்பதாயிரம் பேரு எங்கம்மா பாட்டைக் கேட்டாங்கன்னா, எங்க மில்லுல ஒருத்தி கூடவா கேட்டிருக்க மாட்டா? பஸ்சுல ஒரு ஆளு கூடவா முணுமுணுக்கல? அம்பதாயிரம் பேருல யாரும் அழுகலையா?"

எங்களுக்குப் பதில் இல்லை. கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி வந்து, யூடியூப் கணக்குக்குள் போய்ப் பார்க்கிற பக்கத்தைத் திறந்து காட்டினான். ஐந்து நிமிசப் பாட்டை ஓர் ஆள் சராசரியாகக் கேட்டது 11 நொடி. அக்கா வாயைத் திறக்கும் முன்பே அத்தனை பேரும் எழுந்து போயிருக்கிறார்கள். எழுந்து போக அங்கே ஆளே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. பெரும்பாலும் தமிழே புழங்காத நாடுகள். கொஞ்ச நாளில் அந்த எண்ணிக்கையும் கரைந்தது. போலி என்று யூடியூப் கழித்துவிட்டது. பாட்டுச் செயலிகளில் இருந்து பாட்டையே தூக்கிவிட்டார்கள், செயற்கையாகக் கேட்கவைத்த பாட்டு என்று காரணம் சொல்லி. பிறகு அந்த நகரத்து நம்பர் எடுக்கவே இல்லை.

போனது 12,000 ரூபாய் மட்டும் என்று நினைக்காதீங்க. அம்மாவுக்கு அழுத ஒரு பொம்பளையின் குரல் மேல 'கள்ளக் கணக்கு' என்று முத்திரை குத்தப்பட்டது. அக்கா நாலு மாசம் ஒத்திகைக்கே வரவில்லை.

இதைக் கேட்டவுடன் சில தோழர்கள் சொல்வார்கள்: "விளம்பரமே முதலாளித்துவ வேலை, நமக்கெதுக்கு? நல்ல பாட்டு தானாப் பரவும்." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாபாசாகேப் 1920 ஜனவரி 31ல் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு ஒரு விளம்பரம் போடச் சொல்லித் திலகரின் 'கேசரி'யிடம் கேட்டபோது, காசு கொடுக்கிறோம் என்றும் மறுத்துவிட்டார்கள். அம்பேத்கரே விளம்பரம் தேடியிருக்கிறார் தோழர்களே. தன் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கவேண்டும் என்று நினைப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காசு நீட்டியும் கதவு திறக்கவில்லை. இன்றைக்குக் காசு நீட்டினால் யாருக்கும் கதவு திறக்கிறது, உள்ளே போனால் ஆள் இல்லை. ரெண்டும் ஏமாற்றுத்தான். ரெண்டையும் வேறு வேறாகப் புரிந்துகொள்ளணும்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்க. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் தொடங்கிய பத்திரிகையின் பேரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பேரில் இருக்கிறது. கோலார் தங்க வயல் தொழிலாளிகள் அந்தப் பத்திரிகையைத் தாங்கினார்கள். அங்கே காசு கேட்கிறவனிடமிருந்து பேசுகிறவனுக்கு வந்தது. நாங்கள் செய்தது என்ன? பேசுகிறவள் சீட்டுப் பணத்தை எடுத்து, கேட்காதவனுக்குக் கொடுத்தோம்.

சரி, இந்தச் சந்தையில் யார் யார் இருக்கிறார்கள்? பிரித்துப் பார்த்தால்தான் எடை போட முடியும். எல்லாரும் திருடர் என்று சொல்வதும் தப்பு.

முதலில், பாட்டை ஏற்றி விடுகிறவர்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி நிறுவனங்கள். நம் பாட்டை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் என்று எல்லாக் கடைக்கும் கொண்டு போடுவார்கள். இவர்கள் பரப்புகிறவர்கள் இல்லை, சுமை தூக்குகிறவர்கள். லாரியில் சரக்கு ஏற்றிவிட்டால் விற்றுவிட்டது என்று அர்த்தமா? சிலர் வருசா வருசம் கட்டணம் வாங்குவார்கள். சிலர் ஒரே தடவை வாங்கிக்கொண்டு வருமானத்தில் பங்கு எடுப்பார்கள். இங்கே கேட்கவேண்டியது ஒன்றுதான்: அடுத்த வருசம் நான் காசு கட்டாவிட்டால் என் பாட்டு இருக்குமா, இறங்குமா? வருசச் சந்தாக்காரர்களிடம் சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடுவது உண்டு. மில் வேலையை நம்பி இருக்கிறவனுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இரண்டாவது, கேட்கச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள். சப்மிட்ஹப், குரூவர் என்று வெளிநாட்டில் உண்டு. பிளேலிஸ்ட் வைத்திருக்கிறவர், எழுதுகிறவர், வானொலிக்காரர், இவர்களுக்குப் பாட்டை அனுப்பலாம். அவர் கேட்டுப் பதில் சொல்லுவார். காசு கேட்பதற்குத்தான், சேர்ப்பதற்கு இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பார். இது நேர்மையான வியாபாரம் என்றே சொல்லலாம். ஆனால் நமக்குப் பயன்படுமா? எங்கள் தம்பி ஒருவன் முயன்று பார்த்தான். பாட்டு எந்த வகை என்று கேட்கிறது. ராக் இருக்கு, ஜாஸ் இருக்கு. ஒப்பாரிக்கும் உறுமிக்கும் பெட்டி இல்லை. 'நாட்டுப்புறம்' என்று போட்டால் கிதார் வைத்துப் பாடுகிற வெள்ளைக்காரர்களோடு போய் நிற்கிறது. ஒருத்தர் பதில் எழுதினார், 'குரல் நன்று, தாளவாத்தியம் அதிகச் சத்தம்' என்று. பறையைக் குறைக்கச் சொல்றார்! கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆனால் நாம காசு கொடுத்துத் தேட வேண்டிய காது அது இல்லை.

மூன்றாவது, நிறுவனங்களே விற்கிற விளம்பரம். யூடியூபில், இன்ஸ்டாகிராமில் நாமே காசு கட்டி ஓட்டலாம். எந்த மாவட்டம், எந்த மொழி என்று குறிக்கலாம். இது கள்ளம் இல்லை, பார்க்கிறது மனுசன்தான். ஆனால் விளம்பரமாகப் பார்த்த நேரத்தைச் சேனலுக்கு வருமானம் வருவதற்கான 4,000 மணி நேரக் கணக்கில் யூடியூப் சேர்க்காது. அதைச் சேர்த்துவிடலாம் என்று எவனாவது சொன்னால் அவனுக்குத் தெரியவில்லை, அல்லது பொய் சொல்கிறான். விளம்பரத்தால் வந்த எண்ணிக்கையை வைத்துச் சாதனை என்று மார்தட்டுவதையும் யூடியூப் நிறுத்திவிட்டது. 2019ல் ராப் பாடகர் பாட்ஷாவின் ஒரு பாட்டு 24 மணி நேரத்தில் 7 கோடியே 50 லட்சம் பார்வை என்று கொண்டாடப்பட்டது. யூடியூப் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. அந்த வருசம் செப்டம்பரில், காசு கொடுத்து ஓட்டிய விளம்பரப் பார்வை 24 மணி நேரக் கணக்கில் வராது என்று அறிவித்தது. கோடி கொட்டுகிறவர்களுக்கே இந்த நிலைமை.

நான்காவதுதான் எங்களைப் பிடித்த கும்பல். எண்ணை விற்கிறவர்கள். ஒரு கட்டடத்தில் செல்போன்களை அடுக்கி வைத்தோ, வெறும் நிரல் எழுதியோ ஓட்டுவார்கள். இது உலகம் பூரா நடக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்மித் என்பவர் மேல் வழக்குப் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் லட்சக்கணக்கில் பாட்டுத் தயாரித்து, எந்திரங்களைக் கேட்கவைத்து, 1 கோடி டாலருக்கு மேல் உரிமத்தொகை எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கவனிக்கணும். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் சந்தாப் பணம் எல்லாம் ஒரே குடத்தில் விழுகிறது. எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். நீங்க மாசம் பூரா அக்கா பாட்டை மட்டும் கேட்டாலும், உங்க சந்தா அக்காவுக்கு நேராப் போகாது. அதிகம் ஓடிய நட்சத்திரத்துக்கே பெரும்பங்கு போகும். கள்ளக் கணக்குக்காரன் அந்தக் குடத்தில் கையை விட்டால் குறைவது நம் பங்குதான். 2024 முதல் இன்னொரு விதி: 12 மாசத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒரு பைசா கிடையாது. அந்த ஆயிரத்தைத் தாண்டும் ஆசையில்தான் சின்னக் கலைஞன் கள்ளச் சந்தைக்குப் போகிறான். போனால், ஏற்றி விடுகிற நிறுவனத்துக்கு அபராதம், நம் பாட்டுக்கு வெளியேற்றம். விற்றவனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இப்போ எடை போடுவதற்கு வருகிறேன். ஐந்து கேள்வி சொல்கிறேன், எழுதிக்கோங்க.

முதல் கேள்வி: எண்ணிக்கைக்கு உறுதி தருகிறானா? தந்தால் அங்கேயே போனை வைங்க. ஒரு மனுசன் பாட்டைக் கேட்பான் என்று இன்னொரு மனுசன் எப்படி உறுதி கொடுக்க முடியும்? எந்திரத்துக்குத்தான் உறுதி கொடுக்க முடியும். பிளேலிஸ்ட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்றாலும் அப்படியே. இடத்தைக் காசுக்கு விற்கக்கூடாது என்பது ஸ்பாட்டிஃபையின் விதி. அவர்களுடைய சொந்தப் பட்டியலுக்குப் பாட்டை நாமே, வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பாவது, இலவசமாக அனுப்பலாம். இலவசமாகக் கிடைப்பதைத்தான் நம்மிடம் விற்கிறார்கள்.

இரண்டாவது: கணக்குப் பக்கத்தை நானே திறந்து பார்க்க முடியுமா? மொத்த எண்ணைப் பார்க்காதீங்க. சராசரியாக எவ்வளவு நேரம் கேட்டார்கள், எந்த ஊர், திரும்ப வந்து கேட்டவர் எத்தனை, இந்த மூன்றையும் பாருங்க. ஆயிரம் பேர் பத்து நொடி கேட்டதைவிட, நாற்பது பேர் முழுசாகக் கேட்டு அதில் பத்துப் பேர் மறுநாளும் கேட்டிருந்தால் அது பாட்டின் வெற்றி. பால்கோவாக் கடையில் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறோமா? முதலில் 500 ரூபாய்க்கு மட்டும் கொடுத்து இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்க. சின்னத் தொகைக்கு முடியாது என்கிறவன் சோதனைக்குப் பயப்படுகிறான்.

மூன்றாவது: உரிமை யாரிடம் போகிறது? பரப்புகிறேன் என்று வருகிறவன் நம் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறான், கையெழுத்துக் கேட்கிறான். 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், இவர்களுக்கு உரிமத்தொகையில் உள்ள சமபங்கை எழுதி வாங்கிக்கொள்ளவே முடியாது என்று அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருசம்தான். இடம் எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் அவன் ஒப்பந்தத்தில் 'என்றென்றைக்கும், உலகம் முழுக்க' என்று எழுதி வைத்திருக்கிறான். படிச்ச தம்பிகளிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீங்க. இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஒப்பாரி ராகம் யாருடையது? நம் பாட்டிமாருடையது. ஒருத்தன் அதைத் தன் பேரில் யூடியூபின் அடையாளப் பதிவில் ஏற்றிவிட்டால், நாளைக்கு மம்சாபுரத்தில் ஒரு பொண்ணு அதே ராகத்தில் பாடிப் போடும்போது அவள் மேல் உரிமை கோரல் வந்து விழலாம். பொதுச் சொத்தைப் பட்டா போடுகிற வேலை இது. நிலத்தில் நாம் பார்க்காததா?

இங்கே 'எஞ்சாய் எஞ்சாமி'யை நினைக்கணும். 2021 மார்ச்சில் வெளிவந்தது. நிலமில்லாத உழைப்பாளிகளின் கதையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவோடு அறிவு எழுதினார். உலகமே ஆடியது. கோடிக்கணக்கில் பார்வை என்று போன பாட்டு அது. அதே வருசம் ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் மற்றவர்கள் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று வருசமாகியும் எங்கள் மூவருக்கும் இந்தப் பாட்டிலிருந்து வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. ஆனால் உண்மையான கோடிக் கணக்கான காது கிடைத்த பாட்டுக்கே பேர், பணம், உரிமை என்று மூன்று சண்டை போடவேண்டி இருக்கிறது. எண்ணிக்கை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்பது பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான்காவது கேள்வி: என் பாட்டை என்ன செய்யச் சொல்கிறான்? எங்களிடம் அந்தத் தம்பி ஒரு யோசனை சொன்னான். "சார், தலைப்புல உங்க சாதிப் பேரைப் போடுங்க. முன்னாடி 'சிங்கம்'னு சேருங்க. இந்தப் பக்கம் அதுதான் பறக்குது." இன்னொரு சாதிக்காரர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறானாம். ஒன்றைப் போட்டுக் காட்டினான். அருவாளைத் தூக்கி நம்மளை மிரட்டுகிற பாட்டு தோழர்களே. அதுக்கும் எங்க பாட்டுக்கும் ஒரே ரேட். அவனுக்குச் சாதிவெறி ஒரு பேக்கேஜ், சாதி ஒழிப்பு இன்னொரு பேக்கேஜ். தொண்ணூறுகளில் இந்த ரெண்டு ஊரும் கலவரத்தில் எப்படிக் கிடந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். சுவரொட்டியும் சிலையும் செய்த வேலையை இப்போ செல்போன் பாட்டு செய்கிறது. அதிகப் பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சாதிப் பெருமைக்குள் நாமும் இறங்கினால், பறையைப் பரணிலிருந்து இறக்கியதற்கு அர்த்தமே இல்லை. அந்த யோசனையை மறுத்தது ஒன்றுதான் அந்த வியாபாரத்தில் நாங்கள் செய்த சரியான காரியம்.

ஐந்தாவது கேள்விதான் எனக்கு முக்கியம்: இந்தக் கூட்டத்தை நாளைக்கு நான் திரும்பக் கூப்பிட முடியுமா? 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். லட்சம் பேர் பின்தொடர்ந்த நம் பிள்ளைகள் விடியும்போது ஒண்ணுமில்லாமல் நின்றார்கள். ரெசோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைச் சாத்தியது. அதே வருசம் விங்க்கும் போனது. மைஸ்பேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003லிருந்து 2015 வரை ஏற்றிய பாட்டுகளைத் தொலைத்துவிட்டது என்று 2019ல் தெரிந்தது. அடுத்தவன் திண்ணையில் கூட்டிய கூட்டம், திண்ணைக்காரன் கதவைச் சாத்தினால் கலைந்துவிடும். அதனால் பரப்புகிறவனிடம் கேளுங்க: கேட்டவர்களின் போன் நம்பரோ முகவரியோ, அவர்களே விரும்பிக் கொடுத்தால், என்னிடம் வந்து சேருமா? சேரும் என்றால் அந்தச் செலவு முதலீடு. சேராது என்றால் வாணவேடிக்கை.

நாங்கள் பிறகு என்ன செய்தோம்? நல்லவேளை, மூலப்பதிவு ஒரு பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. இதையும் எழுதிக்கோங்க, மூலப்பதிவு மூன்று இடத்தில் இருக்கணும். பாட்டைப் புதுசாக ஏற்றினோம். பூஜ்ஜியத்தில் இருந்து. ஏப்ரல் 14 கூட்டங்களில், சடங்கு வீட்டில், கல்யாண வீட்டில் பாடி முடித்ததும் ஒரு நோட்டை நீட்டினோம். "பாட்டு வேணும்னா நம்பர் எழுதுங்க, வாட்ஸ்அப்பில் அனுப்புறோம்." பஸ் ஸ்டாண்ட் செல்போன் கடைகளில் ஒரு காலத்தில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள் இல்லையா, அதே பழக்கம்தான். ஒரு வருசத்தில் நோட்டில் 412 பேர். செலவு நோட்டு விலையும் பஸ் காசும். யூடியூபில் எண்ணிக்கை இன்னும் அந்தப் போலி எண்ணின் பக்கத்தில் கூட வரவில்லை. ஆனால் சராசரியாகக் கேட்ட நேரம் மூன்றரை நிமிசம்.

மதுரை வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எந்த நிறுவனமும் அவரைப் 'பிரமோட்' செய்து அது வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்துப் பழக்கியவர் அவர். நான் இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது, நேரில் வந்த கூட்டம்தான் முதலில். அதைப் பார்த்துவிட்டுத்தான் இணையம் பின்னால் ஓடியது. வரிசை அதுதான். முதலில் ஆள், அப்புறம் எண்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இங்கே பத்துப் பதினைந்து குழுக்கள் இருக்கீங்க. ஒரு பொது நோட்டுப் போடுவோம். எந்தக் குழு, எந்தச் சேவைக்கு, எவ்வளவு கொடுத்தது, என்ன திரும்பி வந்தது, இந்த நாலு கட்டம் போதும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூடி வாய்விட்டு வாசிப்போம். ஏமாந்ததையும் எழுதணும். முதல் வரியை நான் எழுதித் தர்றேன்: 12,000 ரூபாய், வந்தது பூஜ்ஜியம். ஒருத்தன் தனியாக ஏமாந்தால் அவமானம். எல்லாரும் சேர்ந்து எழுதினால் அது கணக்கு. கணக்கு கையில் இருக்கிறவனை ஏமாற்றுவது கஷ்டம்.

அக்கா இப்போ திரும்ப வந்துட்டாங்க. போன ஆடி மாசம் அவுங்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு போன். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பொண்ணு. யாரோ அனுப்பி, யாருக்கோ போய், அவளுக்கு வந்திருக்கிறது பாட்டு. அம்மா செத்த பதினாறாம் நாள் அதைப் பாடினாளாம். "எங்கம்மா நாத்து நடல, செங்கல் சூளையில வேல பாத்தாங்க. அதனால ரெண்டு வரிய மாத்திப் பாடிட்டேன். தப்பாக்கா?" என்று கேட்டாளாம்.

பரட்டை அண்ணன் தன் பாட்டுகளை ஒலிநாடாவில் விட்ட காலத்தில், கிராமத்துச் சனங்கள் தங்கள் வார்த்தையைப் போட்டு மாற்றிப் பாடவேண்டும் என்றுதான் விரும்பினார். பாட்டு சனங்க கைக்குப் போய்விட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் என்ன இருக்கு?

அக்கா போனை வச்சிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாங்க: "ஏப்பா, ஒருத்தி கேட்டுட்டாப்பா."

பொது நோட்டில் அதையும் எழுதணும்.